பழைய காருக்குப் புது வர்ணம்

பழைய கார் ஒன்றைப் புதுப்பிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். என்ஜினைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்வார்கள். வர்ணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்வார்கள். என்ன நிறம், எத்தனை கோட், எப்படிப் பளபளக்கிறது என்றெல்லாம் வரும். அந்தப் பளபளப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் தயங்கும். உண்மையில் கண்ணுக்குத் தெரியும் மேல்பூச்சு, மொத்த வேலையில் மிகச் சிறிய பகுதி. மற்றதெல்லாம் அதற்கு முன்னால் நடந்து முடிந்து மறைந்து போவது. மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் பெட்டிகளுக்கு வர்ணம் பூசும் பிரிவைச் சில ஆண்டுகள் மேற்பார்வை செய்தவன் என்ற முறையில் இது எனக்குப் புதிதல்ல. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பெட்டிகள் கருஞ்சிவப்பாக இருந்தன; 1990களில் நீலத்துக்கு மாறின. இரும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற வேலை மட்டும் மாறவே இல்லை.

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் குஜராத்தி அன்பர் ஒருவர், தம் தந்தையார் வைத்திருந்த 1951ஆம் ஆண்டு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பித்தார். வர்ண வேலையை மட்டும் உடனிருந்து பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் நிறைய இருந்தன. வீட்டில் பழைய பிரீமியர் பத்மினியோ அம்பாசடரோ தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கும் அன்பர்களுக்கும், செகண்ட் ஹாண்ட் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி எப்படிப்பட்டது?

எம்.ஜி. என்பது மாரிஸ் காரேஜஸ் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் தொடங்கி, பிறகு அருகிலுள்ள அபிங்டன் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்து நடத்திய நிறுவனம். அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. 2019 முதல் நம் நாட்டில் விற்கப்படும் எம்.ஜி. கார்களுக்கும் இதற்கும் பெயரையும் எண்கோண முத்திரையையும் தவிர வேறு உறவு கிடையாது. நான் சொல்லும் வண்டி டி.டி. என்ற மாடல். 1949 கடைசியிலிருந்து 1953 வரை ஏறக்குறைய 30,000 வண்டிகள் செய்தார்கள். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. 1250 சி.சி. என்ஜின், இரண்டே இருக்கை, திறந்த மேல்பாகம், பின்னால் பெட்டி மாதிரி வெளியே தெரியும் பெட்ரோல் டாங்க், தனித்தனியாக வளைந்து இறங்கும் மட்கார்டுகள்.

வர்ண வேலைக்கு முக்கியமான விஷயம் வேறு. இந்த வண்டியின் உடல் முழுக்க இரும்பு அல்ல. ஆஷ் என்ற மரத்தால் சட்டம் செய்து, அதன்மேல் இரும்புத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ரயில் பெட்டிகளையும் இப்படித்தான் கட்டினார்கள். குதிரை வண்டி கட்டிய தச்சர்களின் வழிமுறை அது. ஆகவே வெளியே தெரிவது தகடு என்றாலும், வண்டியின் உயிர் மரத்தில் இருக்கிறது. இதை மறந்துவிட்டு வர்ணம் பூசினால் என்ன ஆகும் என்பதை அந்த வண்டியே காட்டியது.

காந்தம் சொன்ன செய்தி

வெளியில் பார்க்க வண்டி மோசமாக இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காரேஜில் கொடுத்துப் பளீரென்று சிவப்பு அடித்திருந்தார்கள். பின் மட்கார்டின் ஓரத்திலும் கதவுகளின் அடியிலும் மட்டும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். 'கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி ஒரு கோட் அடித்தால் போதும்' என்று பெயின்டர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் செய்த முதல் காரியம், ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, தகட்டின்மேல் மெதுவாக இழுத்துப் பார்த்ததுதான். வர்ணம் மட்டும் இருந்தால் காந்தம் கெட்டியாகப் பிடிக்கும். அடியில் பட்டி தடிமனாக இருந்தால் பிடி தளரும். ரொம்பத் தடிமனாக இருந்தால் கீழே விழுந்துவிடும். பின் மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் நிற்கவே இல்லை. செகண்ட் ஹாண்ட் கார் பார்க்கப் போகும் அன்பர்கள் சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொண்டு போகலாம். விற்பவர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை. (அலுமினியம், பிளாஸ்டிக் பாகங்களில் இது செல்லாது என்பதை நினைவில் வைக்கவும்.)

அங்கே சுரண்டிப் பார்த்தபோது துருவை எடுக்காமலே அதன்மேல் பட்டி அப்பியிருந்தது தெரிந்தது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். மேலே எத்தனை கெட்டியான பூச்சு இருந்தாலும் தள்ளித் தூக்கிவிடும். கொப்புளம் என்று நாம் பார்ப்பது அதைத்தான். பட்டி வேறு ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஓரத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், மும்பை மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கதவு விஷயம் இன்னும் மோசம். இந்த வண்டியில் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். அதாவது கதவு முன்பக்கம் திறக்கும். ஓடும்போது தாழ்ப்பாள் விட்டுவிட்டால் எதிர்க்காற்று கதவைப் பிடித்து விரியத் திறந்துவிடும். கீலைத் தாங்கும் மரத்தூணின் அடிப்பாகத்தை ஸ்குரூடிரைவரால் குத்தினேன். ஊறின பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது. மேலே சிவப்பு வர்ணம் கண்ணாடி மாதிரி இருந்தது. இன்னொரு கோட் அடித்துவிட்டு, அன்பரின் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெரின் டிரைவில் ஒரு சுற்றுப் போயிருந்தால்? அன்பர் பிறகு 'மேலே அடித்தால் போதும்' என்ற பேச்சையே எடுக்கவில்லை.

நிறம் எது?

பேரன் உலோகப் பொடி மின்னும் மெட்டாலிக் சிவப்பு வேண்டும் என்றான். தாத்தாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வண்டி தன் கைக்கு வந்தபோது வெள்ளையாக இருந்தது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டில் யாரும் நம்பவில்லை.

இதற்கு வாதம் தேவையில்லை, வண்டியையே கேட்கலாம். பெயின்டரின் கை எட்டாத இடங்கள் எந்த வண்டியிலும் உண்டு. டாஷ்போர்டுக்குப் பின்பக்கம், பானெட் கீலின் அடி, பெட்ரோல் டாங்க் உட்காரும் இடம், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால். அப்படி ஓர் இடத்தில் நைசான வாட்டர் பேப்பரை நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் இரும்பு தெரியும்வரை தேய்த்தால், மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள்போல் ஒன்றைச் சுற்றி ஒன்றாகப் பூச்சுகள் தெரியும். எங்கள் வட்டத்தில் வெளியிலிருந்து உள்ளே சிவப்பு, சாம்பல் பிரைமர், கரும்பச்சை, மறுபடி பிரைமர், அதற்கும் உள்ளே தந்த வெள்ளை. ஐவரி என்று கம்பெனி பெயர் வைத்திருந்த நிறம் அது. பெரியவர் சொன்னது சரியாக இருந்தது. பூதக்கண்ணாடியை வாங்கி அவரே பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பேரன்தான் "மெட்டாலிக் வேண்டாம்" என்று தானாகவே சொன்னான்.

மெட்டாலிக் வேண்டாம் என்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1951இல் இந்த வண்டிகளில் நிறமே மேல்பூச்சு. அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் அடிப்பது பிற்காலத்தில் பரவிய முறை. பழைய வண்டிக்கு அதை அடித்தால் பாட்டிக்கு பிளாஸ்டிக் வளையல் போட்டது மாதிரி இருக்கும். இது என் அபிப்பிராயம்; மறுப்பவர்கள் இருக்கலாம். ஆனால் தில்லியில் 1964இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பந்தயம் போன்ற பழைய கார் ஊர்வலங்களில் மதிப்பெண் போடுகிறவர்கள், வண்டி பிறந்தபோது எப்படி இருந்ததோ அதற்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வண்டியாகத் தனியே பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். சேசிஸ், உடல், என்ஜின் இவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மரச்சட்டத்தை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுரண்டும் வேலை

பழைய பூச்சுகளை எடுக்க வழிகள் பல. இரும்பு வண்டி என்றால் ரசாயனத் தொட்டியில் முக்கி எடுக்கலாம். மரச்சட்டம் உள்ள உடலை முக்கவே கூடாது. மரம் அதைக் குடித்துவிட்டுப் பல மாதம் கக்கிக்கொண்டே இருக்கும், புதுப் பூச்சு உரியும். மணல் பீய்ச்சும் முறை சேசிஸுக்குச் சரி. அகலமான மெல்லிய தகட்டில் அடித்தால் தகடு நெளிந்துவிடும். தவிர, மணல் தூசி நுரையீரலுக்கு எமன். பெயின்ட் ரிமூவர் என்று கடையில் விற்கும் குழம்பு வேகமாக வேலை செய்யும். ஆனால் அவற்றில் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு என்ற பொருள் உண்டு. மூடிய அறையில் அதை உபயோகித்து வெளிநாடுகளில் பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இல் அதைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்துவிட்டார்கள். நாங்கள் மட்கார்டுகளையும் பானெட்டையும் கழற்றி, மொட்டை மாடியில் திறந்த வெளியில் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு சிறிது சிறிதாகத் தடவி எடுத்தோம். உடலை மட்டும் கையால் ஈரத்தில் தேய்த்தோம். பெட்ரோல் டாங்கை முதல் நாளே கழற்றித் தனியே கொண்டுபோய் வைத்தாயிற்று. காலி டாங்க்தானே என்று அலட்சியம் செய்வார்கள். நிறைந்த டாங்கைவிட ஆவி நிறைந்த காலி டாங்க்தான் பயங்கரமானது.

ஈரத்தில் தேய்த்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து வர்ணங்களில் ஈயம் கலப்பது சர்வசாதாரணம். 1951 வண்டியின் அடிப்பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கிரைண்டர் வைத்து உலர்வாகத் தேய்த்தால் அது மாவாகக் காற்றில் பறக்கும். ஈயத்துக்கு இந்த அளவுவரை பரவாயில்லை என்ற எல்லையே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதுவும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது நேராகப் பாதிக்கும். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016இல்தான். கார் பெயின்ட் அந்த விதியின் கீழ் வராது.

இந்த வேலையைச் செய்தது ஓர் உஸ்தாதும் அவரிடம் வேலை கற்கும் ஒரு பையனும். பையன் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவன் வீட்டில் இரண்டு வயதில் தங்கை மகள் இருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அன்று முதல் மாடியில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தோம். வேலைச் சட்டையைக் கழற்றி வைத்து, கை முகம் கழுவிக்கொண்டுதான் டீ, அப்புறம்தான் வீடு. தேய்த்த சேற்றைச் சாக்கடையில் ஊற்றாமல் செய்தித்தாளில் ஒற்றி எடுத்து டின்னில் சேர்த்தோம். முதல் நாள் சிரித்த உஸ்தாத் மூன்றாம் நாள் தாமும் சட்டை மாற்ற ஆரம்பித்தார்.

மரத்தூணைத் தச்சர் ஒருவர் மாற்றிக் கொடுத்தார். ஆஷ் கிடைக்காததால் தேக்கு. தேக்கில் இயற்கையாக எண்ணெய் இருப்பதால் பசை ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட வேண்டும். இது தெரியாமல் தேக்கைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஐவரிப் பூச்சை மட்டும் யாரும் தொடவில்லை. எடுத்துவிட்டால் அது திரும்ப வராது.

அடிப்பூச்சு

சுத்தம் செய்த இரும்பு நம் ஊர்க் காற்றில் சில மணி நேரத்தில் மறுபடி பழுப்பேறிவிடும். காலையில் சுரண்டினால் மாலைக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். நாளைக்கு அடிக்கலாம் என்று விடக் கூடாது. குழிகளில் ஒளிந்திருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவத்தைத் தடவி, துடைத்து, நன்றாக உலரவிட்டு, பிறகு பிரைமர். தகடு உலர்ந்த பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் ரேகையில் உள்ள உப்பும் எண்ணெயும் போதும், ஓராண்டு கழித்து அந்த ரேகை வடிவத்திலேயே துரு கிளம்பும்.

பள்ளங்களுக்குப் பட்டி தேவைதான். பட்டியே பாவம் என்று சொல்லவில்லை. முதலில் சுத்தியால் தட்டித் தகட்டைக் கூடியவரை நேராக்க வேண்டும். பட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பாலியெஸ்டர் பட்டியை உலர்வாகத் தேய்ப்பது நல்லது, தண்ணீர் விட்டால் குடித்துவிடும். (பழைய ஈய வர்ணத்துக்கு ஈரம், புதுப் பட்டிக்கு உலர்வு. பையனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு நாள் ஆயிற்று.)

மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். வெறும் உள்ளங்கையைவிட மெல்லிய துணியைத் தகட்டின்மேல் போட்டு அதன்மேல் கையை நீளமாக ஓட்டினால் இன்னும் நன்றாகத் தெரியும். உஸ்தாத் கண்ணை மூடிக்கொண்டு இப்படித் தடவி, சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே போவார். பணிமனையில் எங்கள் பழைய பெயின்டர்களும் அப்படித்தான். இன்னொரு முறையும் உண்டு. சர்பேசர் அடித்த பிறகு அதன்மேல் கறுப்பு வர்ணத்தைத் தூவல் மழைபோல் லேசாகத் தூவிவிட்டு, மரக்கட்டையில் சுற்றிய 400 நம்பர் பேப்பரால் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும், பள்ளத்தில் தங்கும். கறுப்பு எங்குமே தங்காத வரை சர்பேசர், தேய்ப்பு, மறுபடி சர்பேசர். எங்களுக்கு நான்கு சுற்று ஆயிற்று. பேரன் பொறுமையிழந்து, 'இது எப்போது வெள்ளையாகும்?' என்று தினமும் கேட்டான்.

எந்தப் பெயின்ட்?

இங்கேதான் பெரிய விவாதம் வந்தது. கொஞ்சம் வரலாறு சொல்லாமல் இது விளங்காது. 1920களின் தொடக்கம்வரை கார்களுக்கு வார்னிஷ் வகை வர்ணம்தான். ஒரு காருக்கு வர்ணம் பூசிக் காய வாரக்கணக்கில் ஆகும். 1923இல் அமெரிக்காவின் டியூபான்ட் கம்பெனி, நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு டூக்கோ என்ற வர்ணத்தைக் கொண்டுவந்தது. 1924ஆம் ஆண்டு ஓக்லண்ட் கார்களில் அது முதலில் வந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. கம்பெனிப் பெயர் எப்படியோ போகட்டும், நம் ஊர்ப் பழைய பெயின்டர்கள் இன்றும் ஸ்ப்ரே வேலைக்கே டூக்கோ என்றுதான் சொல்வார்கள். கடையில் இதை என்.சி. பெயின்ட் என்று கேட்க வேண்டும்.

என்.சி. பெயின்ட் காய்வது வெறும் ஆவியாதலால். தின்னர் பறந்துவிடும், பூச்சு நிற்கும். அதே தின்னரை மறுபடி ஊற்றினால் கரைந்துவிடும். இதனால் கீறல் விழுந்த இடத்தைப் பிற்காலத்தில் சரிசெய்வது சுலபம். ஆனால் ஒரு கோட்டில் மிக மெல்லிய படலம்தான் நிற்கும். ஆறு ஏழு கோட் வேண்டும், பாலிஷும் வேண்டும். வெயிலில் விட்டால் மங்கும்.

இன்று காரேஜ்களில் அடிப்பது டூ-கே என்னும் பாலியூரித்தேன் வகை. பெயின்டும் ஹார்டனரும் தனித்தனி டின். கலந்தால் இரண்டும் வேதியியல் முறையில் பின்னிக்கொண்டு இறுகும். பெட்ரோல் சிந்தினாலும் அசையாது, பளபளப்பு தானாக வரும், பல ஆண்டு இருக்கும். வண்டிக்கு இதுதான் நல்லது என்றார் உஸ்தாத். வண்டிக்கு நல்லது என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அது தெறிக்கும் புகையில் ஆஸ்துமா வரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். அந்தப் பெயின்டர் தொழிலையே விட வேண்டியதுதான். இதில் கொடுமை என்னவென்றால், ஆபத்தான அளவு காற்றில் இருக்கும்போதுகூட அதன் வாசனை மூக்குக்குத் தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே அனுப்பும் முகமூடியும், காற்றை இழுத்து வடிகட்டும் தனி அறையும் வேண்டும். எங்களிடம் இருந்தது கார் நிறுத்தும் கொட்டகை. மேலே முதல் மாடியில் குடும்பங்கள்.

"சார், நாங்க எப்பவும் கைக்குட்டை கட்டிக்கிட்டுத்தான் அடிப்போம். ஒண்ணும் ஆகலை" என்றான் பையன்.

"தம்பி, கைக்குட்டை தூசியில பாதியைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது. உங்க உஸ்தாத் ராத்திரியில இருமுறாரா இல்லையா, நீயே சொல்லு" என்றேன். அவன் உஸ்தாதைப் பார்த்தான். உஸ்தாத் ஸ்ப்ரே கன்னைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்பரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். டூ-கே வேண்டுமானால் முறையான பெயின்ட் பூத் உள்ள இடத்துக்கு வண்டியை அனுப்புங்கள், செலவு அதிகம். இங்கேயே அடிப்பதானால் என்.சி. மட்டும். அவர் இரண்டு நாள் யோசித்து என்.சி. என்றார். வண்டி பிறந்தபோது இருந்த பூச்சு அந்த வகையைச் சேர்ந்தது என்பதும் பொருத்தமாக அமைந்தது. என்.சி. ஒன்றும் பச்சைத் தண்ணீர் அல்ல. தின்னர் ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீப்பொறி பட்டால் கொட்டகையே போய்விடும். கரித்தூள் வடிகட்டி உள்ள முகமூடி இருவருக்கும் வாங்கினோம். பீடி, அகர்பத்தி, சுவிட்ச் போடுவது எல்லாம் தடை. தின்னர்த் துணிகளை மூடியுள்ள தகர டின்னில் போட்டோம்.

ஒரு பூச்சின்மேல் எந்தப் பூச்சு ஏறும் என்பதிலும் கவனம் வேண்டும். சாதாரண எனாமல் அடித்த வண்டியின்மேல் நேராக என்.சி. அடித்தால், அதன் காரமான தின்னர் அடியிலுள்ள எனாமலை இளக்கிச் சுருக்கம் சுருக்கமாகத் தூக்கிவிடும். பத்மினிக்கு மலிவாக ரீ-பெயின்ட் செய்து இப்படி ஏமாந்தவர்கள் பலர்.

மழையும் வர்ணமும்

வேலை அக்டோபரில் முடிந்துவிட்டது, ஆனால் கலர் அடிக்க நான் டிசம்பர்வரை காத்திருக்கச் சொன்னேன். காரணம் பனிப்புள்ளி. காற்று 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதத்துடன் இருந்தால், சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். என்.சி. தின்னர் வேகமாகப் பறக்கும்போது தகட்டின் மேற்பரப்பைச் சில டிகிரி குளிரவைக்கும். கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா, அதேதான். உடனே காற்றிலுள்ள ஈரம் ஈரமான வர்ணத்தின்மேல் படிந்து, சாம்பல் பூத்தது மாதிரி வெளுப்புத் தட்டும். டிசம்பரில் 28 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி 17 டிகிரிக்கும் கீழே போய்விடும். பயமே இல்லை. மழைக்காலத்தில் அடித்தே தீரவேண்டும் என்றால் மெதுவாகப் பறக்கும் ரிடார்டர் தின்னர் கலப்பார்கள். அது சமாளிப்பு, வைத்தியம் அல்ல. தகட்டின் வெப்பம் பனிப்புள்ளியைவிட 3 டிகிரியாவது அதிகம் இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையில் பொதுவான விதி.

கம்ப்ரெசர் டாங்கிலும் நீர் சேரும். தினமும் காலையில் அடியிலுள்ள திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது. சிலிகோன் கலந்த பாலிஷ் எதையும் அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஒரு துளி இருந்தாலும் வர்ணம் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகிக்கொள்ளும்.

அடிக்கும் விதம் பெரிய மந்திரமல்ல. தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம், மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதும் நேராக நகர வேண்டும், ஒரு பட்டைமேல் அடுத்த பட்டை பாதி ஏற வேண்டும். ஒரே தடவையில் மூடிவிட ஆசைப்பட்டால் வழியும். மட்கார்டுகளைத் தனியே தொங்கவிட்டு அடித்தோம். உடலுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு பைப்பிங் வரும்; அது பொருத்தும்போது வைக்க வேண்டியது. பைப்பிங்கின்மேல் வர்ணம் இருந்தால், மட்கார்டைக் கழற்றாமல் அடித்த சோம்பேறி வேலை என்று தெரிந்துகொள்ளலாம். பழைய சிவப்பு அப்படித்தான் இருந்தது.

ஏழு கோட் ஏறிய பிறகு மூன்று வாரம் யாரும் தொடவில்லை. தின்னர் மேலே போய்விட்டாலும் உள்ளே மெதுவாகத்தான் வெளியேறும். அவசரப்பட்டுப் பாலிஷ் போட்டால் பிறகு பூச்சு அமுங்கி, அடியிலுள்ள கீறல்கள் மேலே தெரியும். பின்னர் 1500, 2000 நம்பர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டோம். மட்கார்டின் விளிம்புகளில் மட்டும் தேய்க்கவே வேண்டாம் என்று பையனிடம் சொல்லியிருந்தேன், அங்கே பூச்சு எப்போதும் மெல்லியதாக இருக்கும். அவன் விளிம்புகளுக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்கினான். அது நான் சொல்லித் தராதது.

வாக்ஸ் போடுவதற்கு மேலும் இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னேன். மிஞ்சிய ஐவரி பெயின்டை, காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை நிரம்பும் சிறிய பாட்டில்களில் ஊற்றி, கலவை விவரமும் தேதியும் எழுதி ஒட்டி, பெரியவரின் அலமாரியில் வைத்திருக்கிறது. ஓர் இரும்புத் தகட்டுத் துண்டில் பிரைமர் முதல் கலர்வரை ஒவ்வொரு பூச்சும் ஒரு பட்டை தெரியும்படி அடித்து அதையும் கூடவே வைத்தோம். அடுத்த முறை சுரண்டுகிறவருக்கு நாணயம் அளவு வட்டம் போடும் வேலை மிச்சம்.